கறுப்பைச் சரிசெய்த பிறகே வண்ணம்: வாசகர் கேள்வி – பதில்

புதிய டிவி வாங்குவது பற்றிச் சென்ற இதழில் எழுதியதைப் படித்த வாசகர்கள், வாங்கிய டிவியின் படத்தை எப்படிச் சரிசெய்வது என்று தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலிருந்தும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புடைய ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி: ஐயா, பொங்கலுக்கு 43 அங்குல எல்.இ.டி. டிவி வாங்கினோம். கடையில் பளிச்சென்று இருந்தது. வீட்டில் பார்த்தால் முகங்களெல்லாம் மஞ்சள் பூசியதுபோலத் தெரிகின்றன. இரவுக் காட்சியில் ஆள் நிற்பதே தெரிவதில்லை. பிரைட்னஸை ஏற்றினால் இருட்டு முழுவதும் சாம்பல் நிறமாகிவிடுகிறது. மெக்கானிக்கை அழைக்க வேண்டுமா, நாங்களே சரிசெய்ய முடியுமா?

நீங்களே சரிசெய்யலாம், அம்மா. ஒரு பென் டிரைவும் ஒரு மாலைப் பொழுதும் போதும். உங்கள் டிவியில் பழுது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வரிசையாக டியூப் லைட் எரியும் கடையில், பக்கத்தில் ஓடும் மற்ற டிவிகளுக்கு நடுவே எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அதை 'விவிட்' அல்லது 'டைனமிக்' என்ற நிலையில் வைத்திருப்பார்கள். அந்த நிலையில் வெள்ளையில் நீலம் பாய்ந்திருக்கும். வண்ணம் தேவைக்கு மேல் ஏற்றப்பட்டிருக்கும். கறுப்புக்கு அருகிலுள்ள மங்கலான சாயல்கள் அழுத்தப்பட்டு ஒரே கறுப்பாகிவிடும். நீங்கள் எழுதியிருக்கும் குறைகள் அத்தனைக்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொடரையோ படத்தையோ பார்த்து டிவியைச் சரிசெய்ய முயலாதீர்கள். பாலக்கோடு மண்டியில் தராசு சரியா என்று பார்க்க எடைக்கல்லை வைப்பார்களே தவிர, எடை தெரியாத தக்காளிக் கூடையை வைக்க மாட்டார்கள். நடிகையின் முகம் படப்பிடிப்பில் எந்த நிறத்தில் இருந்தது என்பது நமக்குத் தெரியாது. ஆனால் சோதனைப் படத்தில் எந்தப் பட்டை எவ்வளவு வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. டெஸ்ட் பேட்டர்ன் எனப்படும் இந்தப் படங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கணினி வைத்திருக்கும் யாரிடமாவது சொல்லிப் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

வழக்கமாக டிவி பார்க்கும் மாலை நேரத்தையே இதற்குத் தேர்ந்தெடுங்கள். வாசல் கதவு திறந்து நடுப்பகல் வெயில் திரையில் விழும்போது செய்த சரிசெய்தல் இரவுக்குப் பொருந்தாது. டிவி அரை மணி நேரம் ஓடிச் சூடாகட்டும். பிறகு படத்தின் நிலையை 'சினிமா' அல்லது 'மூவி' என்பதற்கு மாற்றுங்கள். மின்சாரச் சேமிப்பு, டைனமிக் கான்ட்ராஸ்ட், அறை வெளிச்சத்தை உணர்ந்து தானாக மாறும் வசதி ஆகியவற்றை அணைத்துவிடுங்கள். இவை இயங்கினால் நீங்கள் வைத்த அளவை டிவியே மாற்றிக்கொண்டிருக்கும்.

முதலில் சரிசெய்ய வேண்டியது கறுப்பு. பலரும் தவறும் இடம் இதுதான். பிரைட்னஸ் என்ற பெயரைப் பார்த்து, படத்தை வெளிச்சமாக்கும் வசதி அது என்று நினைக்கிறோம். உண்மையில் கறுப்பு எந்த மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதையே அது தீர்மானிக்கிறது. வெள்ளையின் உச்சத்தைத் தீர்மானிப்பது கான்ட்ராஸ்ட். திரைக்குப் பின்னாலுள்ள விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது பேக்லைட். சில புதிய டிவிகளில் பேக்லைட்டுக்கே பிரைட்னஸ் என்று பெயரிட்டு, கறுப்புக்கு 'பிளாக் லெவல்' என்ற தனி வரி கொடுத்திருக்கிறார்கள். வெள்ளைப் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு மாற்றிப் பாருங்கள். வெள்ளையும் கூடவே பெரிதும் கூடிக் குறைந்தால் அது பேக்லைட்.

வண்ணப் பட்டைகள் வரிசையாக நிற்கும் 'கலர் பார்' என்ற சோதனைப் படத்தின் கீழ்ப்பகுதியில் வலப்பக்கமாக, கறுப்புக்குள் மூன்று மெல்லிய பட்டைகள் இருக்கும். 'புளூஜ்' என்று அழைக்கப்படும் அவற்றில் இடது பட்டை கறுப்பைவிட ஒரு படி இருண்டது, நடுப்பட்டை சரியான கறுப்பு, வலது பட்டை கறுப்பைவிட ஒரு படி வெளிச்சமானது. வலது பட்டை நன்றாகத் தெரியும்வரை பிரைட்னஸை ஏற்றுங்கள். பிறகு அது மிக மங்கலாக மட்டும் தெரியும்வரை மெல்ல இறக்குங்கள். இடது பட்டைக்கும் நடுப்பட்டைக்கும் வேறுபாடு தெரியக்கூடாது. வலது பட்டையும் மறைந்துவிட்டால், இருட்டில் நிற்கும் ஆளும் அதோடு மறைந்துவிடுவார். இடது பட்டை தெரிந்தால் இருட்டு சாம்பலாகிவிட்டது என்று பொருள்.

அடுத்து வெள்ளை. வெள்ளைக்கு அருகிலுள்ள சாயல்கள் படிப்படியாக வரும் படத்தை வைத்து, கடைசிப் படிகள் ஒன்றோடொன்று கலந்து மறையும்வரை கான்ட்ராஸ்டை ஏற்றி, அவை மீண்டும் தனித்தனியே தெரியும் இடத்துக்கு இறக்குங்கள். கான்ட்ராஸ்டைத் தொட்டால் கறுப்பு சற்று நகரக்கூடும் என்பதால், திரும்பவும் புளூஜைப் பார்த்துவிடுங்கள்.

வெள்ளை நீலம் பாய்ந்திருக்குமா, மஞ்சள் சாய்ந்திருக்குமா என்பதைத் தீர்மானிக்கும் கலர் டெம்பரேச்சரை 'வார்ம்' என்பதில் வையுங்கள். ஒளிபரப்புக்கு வரையறுக்கப்பட்ட வெள்ளை சுமார் 6500 கெல்வின். பெரும்பாலான டிவிகளில் அதற்கு அருகில் இருப்பது வார்ம் நிலையே. முதல் இரண்டு நாள் படம் மஞ்சளாகத் தோன்றும். நீலம் பாய்ந்த வெள்ளைக்குப் பழகிய கண்ணின் மயக்கம் அது. தயவுசெய்து ஒரு வாரம் பொறுத்திருந்து பாருங்கள். அதன் பிறகு பழைய நிலைக்கு மாற்றினால் வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் கூடிப்போனதுபோலத் தெரியும்.

கடைசியாக வண்ணம். கலர் பார் படத்தை நீல வடிகட்டி வழியாகப் பார்த்தால் நீலம் கலந்த பட்டைகளான சாம்பல்வெள்ளை, சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (சிவப்பு கலந்த நீலம்), நீலம் ஆகிய நான்கு மட்டுமே தெரியும். இந்த நான்கும் ஒரே வெளிச்சத்தில் தெரியும்வரை கலர் அளவை மாற்ற வேண்டும். ஓரங்களிலுள்ள சாம்பல்வெள்ளையும் நீலமும் ஒத்துப்போனால் கலர் சரி. உள்ளேயுள்ள சயானும் மெஜந்தாவும் ஒத்துப்போனால், நிறத்தைப் பச்சைப் பக்கமோ ஊதாப் பக்கமோ சாய்க்கும் டின்ட் சரி. பூங்கொத்து சுற்றும் நீலக் கண்ணாடித் தாளைப் பிடித்துக்கொண்டு இதைச் செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அந்தத் தாளின் வழியே மஞ்சள், பச்சை, சிவப்புப் பட்டைகள் முற்றிலும் கறுத்துப்போனால் மட்டும் அதை நம்பலாம். சாதாரணத் தாளில் அவை கசிந்து தெரியும். சில டிவிகளின் எக்ஸ்பர்ட் மெனுவில் நீலத்தை மட்டும் காட்டும் வசதி உண்டு. இருந்தால் அதுவே சிறந்தது. இரண்டும் இல்லாவிட்டால், சினிமா நிலையில் நிறுவனம் வைத்துக் கொடுத்த கலர் அளவை மாற்றாமல் விடுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பென் டிரைவுக்குச் செய்த மாற்றம் செட்-டாப் பாக்ஸ் இணைந்திருக்கும் எச்.டி.எம்.ஐ. வழிக்குத் தானாகச் செல்லாத டிவிகள் பல உள்ளன. ஒவ்வோர் அளவையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அந்த வழியிலும் அதே எண்களை வைத்து, ஓர் இரவுக் காட்சியைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அரூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: அந்நாளில் தூர்தர்ஷன் நிகழ்ச்சி தொடங்குமுன் வண்ணப் பட்டைகள் தெரியும். அவை ஏன் எப்போதும் ஒரே வரிசையில் இருந்தன? எங்கள் வீட்டில் பழைய பிக்சர் டியூப் டிவி இன்னும் ஓடுகிறது. ஒரு மூலையில் மட்டும் ஊதா படிந்திருக்கிறது. அதையும் பட்டைகளைக் கொண்டு சரிசெய்யலாமா?

ஐயா, உங்கள் கேள்வி எனக்கு மிகவும் மகிழ்ச்சியளித்தது. கலர் அளவைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு அந்தப் பட்டைகளைப் பாருங்கள்; விடை திரையிலேயே தெரியும். வெள்ளை, மஞ்சள், சயான், பச்சை, மெஜந்தா, சிவப்பு, நீலம் என்ற வரிசை, இடமிருந்து வலமாக இருண்டுகொண்டே போகும் சாம்பல் படிக்கட்டாக மாறிவிடும். வெள்ளையின் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 59 விழுக்காடு, சிவப்பின் பங்கு 30, நீலத்தின் பங்கு 11. சிவப்பும் பச்சையும் சேர்ந்த மஞ்சள் 89 என்று வருவதால் வெள்ளைக்கு அடுத்தும், நீலம் வெறும் 11 என்பதால் கடைசியிலும் நிற்கின்றன. கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்தவர்களுக்கும் அந்தப் படிக்கட்டு பயன்பட்டது.

இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு 1982இல் தொடங்கியபோது பி.ஏ.எல். முறையை ஏற்றோம். ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் வால்டர் புரூக் உருவாக்கிய முறை அது. அதில் நிறச் சைகையின் ஒரு கூறு ஒரு வரி விட்டு ஒரு வரி திருப்பி அனுப்பப்படும். வழியில் பிழை நேர்ந்தாலும், அடுத்தடுத்த இரு வரிகளின் பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். முகம் பச்சையாகவோ ஊதாவாகவோ திரியாது, நிறம் சற்று வெளிறுவதோடு நின்றுவிடும். அதனால்தான் நம் பழைய டிவிகள் பலவற்றில் அமெரிக்கப் பெட்டிகளில் இருந்ததுபோன்ற டின்ட் குமிழ் இல்லை. இன்றைய டிவிகளிலும் டின்ட்டை நடுவிலேயே விடுவது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

மூலையில் படிந்த ஊதாவைப் பட்டைகளால் சரிசெய்ய முடியாது. குழாயின் முகப்புக்குப் பின்னாலுள்ள உலோகத் தகட்டில் காந்தம் ஏறியிருக்கிறது. ஸ்பீக்கர் பெட்டி அருகில் இருந்தால் தள்ளி வையுங்கள். காந்தத்தை நீக்கும் சுருள் டிவிக்குள்ளேயே உண்டு. ஆனால் டிவி குளிர்ந்த நிலையில் இருந்து சுவிட்ச் போடும் அந்தச் சில நொடிகள் மட்டுமே அது முழு வலுவோடு இயங்கும். ஆகவே ரிமோட்டில் அணைக்காமல் மெயின் சுவிட்சையே அணைத்து, அரை மணி நேரம் கழித்துப் போடுங்கள். சில முறை இப்படிச் செய்தும் போகாவிட்டால் அனுபவமுள்ள மெக்கானிக்கை அழையுங்கள். பின்மூடியை மட்டும் நீங்கள் கழற்றவே கூடாது, ஐயா. குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தேங்கி நிற்கும்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஸ்டுடியோ நடத்தும் வாசகர்: கல்யாண ஆல்பங்களை மானிட்டரில் பார்த்துத் திருத்தி அனுப்பினால், அச்சில் எல்லாம் இருண்டு வருகின்றன. கிரானைட் பாலிஷ் பட்டறைகளுக்காகக் கறுப்புக் கற்பலகைகளைப் படமெடுத்துத் தரும்போது, கல்லின் பொடி மணிகள் என் திரையில் தெரிகின்றன. வாங்குபவரோ வெறும் கறுப்பாக இருக்கிறது என்கிறார். தவறு எங்கே?

ஆல்பம் இருள்வதற்கு முதற்காரணம் பெரும்பாலும் மானிட்டரின் மிகையான வெளிச்சம். புதிதாக வரும் மானிட்டர்கள் பல, சதுர மீட்டருக்கு 250 கேண்டெலா அல்லது அதற்கும் மேற்பட்ட வெளிச்சத்தைத் தர வல்லவை. அச்சுக்கான வேலைக்கு 100 முதல் 120 வரை போதும். அளவுகருவி இல்லாவிட்டால், திரையில் ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, ஆல்பத் தாளைப் பக்கத்தில் பிடியுங்கள். திரை விளக்குபோல ஒளிர்ந்து தாள் மங்கிக் கிடந்தால், இரண்டும் ஏறத்தாழ ஒத்துவரும்வரை மானிட்டரின் பிரைட்னஸை இறக்குங்கள். டிவிக்குச் சொன்னதற்கு மாறாக, கணினி மானிட்டரில் பிரைட்னஸ் என்பது பேக்லைட்டையே குறிக்கும் என்பதை மறக்க வேண்டாம். வெளிச்சமான திரையில் படம் ஏற்கெனவே பளிச்சென்று தெரிவதால், அதைத் தூக்கிவிடத் தேவையில்லை என்று கை நின்றுவிடுகிறது; அச்சில் இருட்டு வருவது அதனால்தான்.

அடுத்து, கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள சாயல்களைத் திரை எவ்வளவு வெளிச்சமாகக் காட்டுகிறது என்பதைக் குறிக்கும் காமாவைச் சோதியுங்கள். ஒரு வரி கறுப்பு, ஒரு வரி வெள்ளை என மாறிமாறி வரும் பரப்பையும், அதன் நடுவே, கறுப்பு 0, வெள்ளை 255 என்ற கணக்கில் 186 என்ற மதிப்புள்ள சாம்பல் சதுரத்தையும் கொண்ட படம் கிடைக்கும். மானிட்டரை அதன் இயல்பான ரெசல்யூஷனில் வைத்து, படத்தை 100 விழுக்காடு அளவில் திறந்து, சில அடி பின்னால் நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். சதுரம் வரிகளோடு கலந்து மறைந்தால் காமா 2.2க்கு அருகில் இருக்கிறது. சதுரம் இருண்டு தெரிந்தால் உங்கள் திரை நடுச் சாயல்களை அமுக்குகிறது. வெளிறித் தெரிந்தால் தூக்கிக் காட்டுகிறது.

கறுப்புக் கல்லின் கதையில் தவறு இரு பக்கமும் இருக்கலாம். 0 முதல் 25 வரையிலான சாயல் கட்டங்கள் உள்ள படத்தை உங்கள் மானிட்டரில் திறந்தால், 5 அல்லது 6க்குப் பிறகுள்ள கட்டங்கள் மங்கலாகவாவது பிரிந்து தெரிய வேண்டும். 2, 3 என்ற கட்டங்களே தெளிவாகத் தெரிந்து, 0 சாம்பலாக இருந்தால், உங்கள் திரை கறுப்பைத் தூக்கிக் காட்டி உங்களை ஏமாற்றுகிறது. எச்.டி.எம்.ஐ. வழியாக இணைத்திருந்தால், கணினி 16 முதல் 235 வரையிலான வீடியோ வரம்பில் அனுப்ப, மானிட்டர் 0 முதல் 255 வரை எதிர்பார்க்கும் பொருத்தமின்மையும் இதற்குக் காரணமாகலாம். கிராபிக்ஸ் கார்டு அமைப்பில் 'ஃபுல்' என்று மாற்றிவிடுங்கள். வாங்குபவர் கணினியைப் பெரிய டிவியில் இணைத்துப் பார்க்கிறவராக இருந்தால், அவரிடம் இதே பொருத்தமின்மை தலைகீழாக நிகழ்ந்து, பொடி மணிகளெல்லாம் கறுப்புக்குள் மூழ்கியிருக்கக்கூடும். அடுத்த முறை கல்லின் படத்தோடு அந்தச் சாயல் கட்டப் படத்தையும் அவருக்கு அனுப்பி, எத்தனையாவது கட்டத்திலிருந்து தெரிகிறது என்று கேளுங்கள்.

வண்ணத்தை மட்டும் கண்ணால் சரிசெய்ய ஸ்டுடியோக்காரர்கள் முயலக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. கண் சில நிமிடங்களில் எந்த வெள்ளைக்கும் பழகிவிடும். திரைமீது தொங்கவிட்டு அளக்கும் காலிப்ரேட்டர் கருவி ஒன்றை ஊரிலுள்ள நான்கைந்து ஸ்டுடியோக்கள் சேர்ந்து வாங்கி, மாதம் ஒருமுறை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். திரைக்கு எதிரேயுள்ள சுவருக்குப் பச்சை, ரோஸ் வண்ணங்களைத் தவிர்த்துச் சாம்பல் பூசுங்கள்.

ஓசூர் அருகிலிருந்து ரோஜா பயிரிடுபவர்: தாஜ்மகால் ரகச் சிவப்பு ரோஜாவின் படம் திரையில் இதழ் மடிப்பே இல்லாமல் ஒரே சிவப்புத் திட்டாகத் தெரிகிறது. இது டிவியின் குறையா?

கறுப்பிலிருந்து முழுச் சிவப்புவரை படிப்படியாக ஏறும் சோதனைப் படத்தை வைத்துப் பாருங்கள். மேல்படிகள் ஒன்றாகிவிட்டால் டிவியின் கலர் அல்லது கான்ட்ராஸ்ட் கூடுதல், இறக்குங்கள். படிகள் பிரிந்து தெரிந்தும் ரோஜா திட்டாகவே இருந்தால், செல்போனில் எடுக்கும்போதே சிவப்பு நிரம்பி வழிந்துவிட்டது. வெயில் ஏறுமுன், எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) சற்றுக் குறைத்து எடுத்துப் பாருங்கள்.

பென்னாகரத்திலிருந்து ஒரு மாணவி: செய்திச் சேனலின் கீழ்வரி பாதி வெட்டுப்படுகிறது. எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக் கோடும் தெரிகிறது.

இரண்டுக்கும் விடை மெனுவிலேயே இருக்கிறது. படத்தை ஓரங்களில் சற்றுப் பெரிதாக்கி வெட்டும் ஓவர்ஸ்கேன், பிக்சர் டியூப் காலத்தின் மிச்சம். 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்க்ரீன் ஃபிட்' என்ற அளவைத் தேர்ந்தெடுத்து, ஓரங்களில் அம்புக்குறி வரைந்த சோதனைப் படத்தை வைத்தால், நான்கு முனைகளும் திரைக்குள் வந்துவிட்டனவா என்று தெரியும். வெள்ளைக் கோட்டுக்குக் காரணம் மிகையான ஷார்ப்னஸ். சாம்பல் பின்னணியில் மெல்லிய கறுப்புக் கோடுகள் உள்ள படத்தை வைத்து, கோடுகளின் இருபுறமும் வெள்ளை நிழல் மறையும்வரை ஷார்ப்னஸைக் குறைத்து, அங்கேயே விட்டுவிடு, அம்மா.