கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: பள்ளியில் பென்குயின்களுக்காகக் காசு சேர்க்கிறோம். "திருகோணமலையில் ஏது பென்குயின்?" என்று அப்பா சிரிக்கிறார். என்ன சொல்வது?
– ஒரு மாணவி, உப்புவெளி

பதில்: அப்பாவிடம் நெத்தலிக் கதையைச் சொல்லுங்கள், மகள். தென்னாப்பிரிக்கக் கரையில் வாழும் பென்குயினுக்கும் நெத்தலியும் சாளையும்தான் சாப்பாடு. வலைகள் அள்ளியது போக மிச்சம் அதற்குப் போதவில்லை. 2024இல் அந்த இனத்தை மிக அருகிவிட்டவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அது வளை தோண்டி முட்டையிட்ட பழைய பறவை எச்சப் படிவையும் மனிதர் உரத்துக்காகச் சுரண்டி விற்றாயிற்று. இப்போது செயற்கைக் கூடு வைத்துக் கொடுக்கிறார்கள். 2000இல் கேப் டவுன் அருகே கப்பல் மூழ்கி எண்ணெய் கசிந்தபோது, ஏறத்தாழ 19,000 பறவைகள் எண்ணெயில் நனைந்தன. பிடித்து, ஒவ்வொன்றாகக் கையால் கழுவினார்கள்! காசு போவது இப்படியான வேலைகளுக்குத்தான்.

சரி, எப்படிச் சேர்ப்பது? வடை வேண்டாம். நம்மூர்ப் பக்கத்துப் புறாமலைத் தீவின் பவளப்பாறைக்காக நான் ஒருமுறை சுட்டு விற்றேன். உளுந்து, எண்ணெய்ச் செலவு போக மிஞ்சியது சொற்பம். பாதியை நண்பர்களே கடனுக்குத் தின்றார்கள். பழைய புத்தகம் விற்றுப் பாருங்கள், முதலீடே தேவையில்லை. அப்புறம், வெளிநாட்டுக்கு அனுப்ப வங்கி கட்டணம் பிடிக்கும். மொத்தமாக ஒரே தடவையில் அனுப்புங்கள்.