பூதம் ஆர் எண்டு தெரிஞ்சாப் பிறகு என்ன பாக்கிறது?

கேள்வி: லீவுக்குப் பிள்ளையளோட 'வாலஸ் அண்ட் குரோமிட்' முயல் படம் பாத்தனாங்கள். மரக்கறி தின்னுற பூதம் ஆர் எண்டதைப் பாதிப் படத்திலயே காட்டிப்போட்டினம். பிறகென்ன மர்மம்? உதுக்கு ஏன் ஒஸ்கார் குடுத்தவை?
– ஒரு தாய், இணுவில்

பதில்: நியாயமான கேள்விதான் அக்கா. (பாக்காத ஆக்கள் அடுத்த கேள்விக்குப் போங்கோ, ஆளைச் சொல்லத்தான் போறன்.) 2005இல நிக் பார்க்கும் ஸ்டீவ் பொக்ஸும் இயக்கின படம். ஊரில ராட்சத மரக்கறிப் போட்டி வருது, சனம் பூசணியையும் கரட்டையும் பெத்த பிள்ளை மாதிரி வளக்குது, இரவில ஏதோ ஒண்டு வந்து தோட்டத்தைத் துவம்சம் பண்ணிப்போட்டுப் போகுது. அந்த வயித்தெரிச்சலை உங்கட இணுவில் தோட்டக்காரருக்கு ஆரும் சொல்லிக்குடுக்கத் தேவையில்லை. துப்பறியிற கதையெண்டு பாத்தா படம் வீக்தான், சந்தேகப்பட ஹட்ச் எண்ட ஒரு முயலை விட்டா வேற ஆளே இல்லை, கண்டுபிடிப்புக்காரன் வாலஸ்தான் முயலா மாறுறார் எண்டு சின்னப்பிள்ளையே பிடிச்சிடும். ஆனா எனக்கு அதுக்குப் பிறகுதான் படம் பிடிச்சது. ஏனெண்டா கள்ளனைப் பிடிக்கிற கதை அதோட முடிஞ்சு, கள்ளனை என்னண்டு காப்பாத்துறது எண்ட கதை தொடங்குது. வேட்டைக்காரன் துவக்கோட திரியிறான், உண்மை தெரிஞ்ச அவற்ர நாய் குரோமிட்டுக்கோ வாயே இல்லை. முழுப் படத்திலயும் அந்த நாய் ஒரு சொல்லுக் கதைக்காது, கண்ணுக்கு மேல அந்தப் புருவ மேடு கொஞ்சம் ஏறி இறங்கிறதிலயே பயம், எரிச்சல், பாசம் எல்லாம் வந்திடும். போட்டிக்கெண்டு ஆசை ஆசையா வளத்த காயை எசமானைக் காப்பாத்த இரையா வைக்கத் துணியிற கட்டத்தில உண்மையா எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு.

குறை இல்லையோ எண்டா இருக்கு. அந்த வேட்டைக்காரன் விக்டர் வெறும் விக்குப் பகிடிக்குத்தான் உதவுறார், வில்லனெண்டு பயமே வராது. கடைசித் துரத்தல் இழுவை. கன பகிடி இங்கிலீஷ் சொல்லை வைச்சுச் செய்தது, பக்கத்தில இருந்து பிள்ளையளுக்கு விளக்கம் சொல்லி முடிக்க அடுத்த சீன் போயிடும்.

ஒஸ்கார் மர்மத்துக்குக் குடுத்ததில்லை, கைவேலைக்கு. 2006இல சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஒஸ்காரை ஜப்பான் இயக்குநர் மியாசாகியின்ர படத்தையும் அமெரிக்க இயக்குநர் ரிம் பேட்டனின்ர படத்தையும் தாண்டித்தான் எடுத்தது.

கேள்வி: அது கொம்பியூட்டரில செய்த படம் இல்லையோ?
– ஒரு மாணவன், கொக்குவில்

பதில்: சில இடத்தில கொம்பியூட்டர் உதவி இருக்கு, மற்றும்படி பிளாஸ்டிசின் எண்ட களிமண் மாதிரிச் சாமானில செய்த பொம்மையள்தான் தம்பி. பொம்மையை ஒரு மயிரிழை அசைச்சு ஒரு படம் எடுப்பினம், பிறகும் அசைச்சு இன்னொண்டு. திரையில ஒரு செக்கனுக்கு 24 பிரேம் ஓடுது, படம் ஒண்டரை மணித்தியாலத்துக்குக் கிட்ட, கணக்கை நீரே போட்டுப் பாரும். கிட்டக் காட்டுற இடத்தில நிப்பாட்டிப் பாத்தா வாலஸின்ர முகத்தில வேலை செய்த ஆளின்ர விரலடையாளம் கூடத் தெரியும்.

கேள்வி: ஐஞ்சு வயசுப் பிள்ளை பயப்படுமோ?
– ஒரு அப்பா, சுன்னாகம்

பதில்: நிலா வெளிச்சத்தில உடம்பு ஊதி முயலாகிற கட்டத்தில மடியில வைச்சிருங்கோ, மற்றதெல்லாம் சிரிப்புத்தான். பெரியாக்களுக்கெண்டு ரெண்டு மூண்டு இரட்டை அர்த்தப் பகிடியும் கிடக்கு. பிள்ளைக்கு விளங்காது, நீங்கள் பலத்துச் சிரிச்சு "ஏனப்பா சிரிச்சனீங்கள்" எண்டு கேக்கப் பண்ணிப்போடாதேங்கோ.