வாசகர் கேள்வி: லுட்டாப்பியும் கேடயத் தேரையும்

கே: நர்சிங் கடைசி வருடம் படிக்கிறேன். சனி, ஞாயிறு செங்கோட்டையில் ரயிலேறி, புனலூருக்கு ஜெர்மன் வகுப்புக்குப் போகிறேன். அங்கே டீச்சர் கொடுத்த ‘மோமோ’ என்ற மாயக்கதையில் மாட்டிக்கொண்டேன். படிக்க ஆசையாக இருக்கிறது, ஆனால் 2 மாதத்தில் 60 பக்கம்தான் ஓடியிருக்கிறது. பாதிச் சொல் அகராதியில் இல்லை. “வேலைக்குப் படிக்கச் சொன்னா கதைப் புத்தகத்தைக் கட்டிக்கிட்டு அழுறியே” என்கிறாள் அம்மா. நிறுத்திவிடட்டுமா?
– வாசகி, புளியரை

ப: கதையை நிறுத்தாதே தாயி, அகராதியை மூடு.

நானும் அதே இடத்தில் முழித்தவன்தான். ‘கிங்’ என்று ஒரு சொல் வரிக்கு வரி வரும், தேடினால் கிடைக்காது. அது ராஜா இல்லை, ‘போனான்’. வகுப்பில் பேச்சுக்கு ஒரு இறந்தகாலம் சொல்லித் தருவார்கள், கதை எழுதுகிறவர்கள் வேறொன்றைப் பிடித்துக்கொள்வார்கள். ‘போனான்’ என்று பேசிவிட்டு ‘சென்றான்’ என்று எழுதுகிற நமக்கு இது புதிதா என்ன? அப்படிப்பட்ட ஒரு 40 சொல்லைத் தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் செருகி வை. மற்றதைக் கதையே சொல்லும்.

நான் மலையாளம் படித்தது ஆரியங்காவு டீக்கடையில் கிடந்த பழைய ‘பாலரமா’ சிறுவர் பத்திரிகைகளில். குந்தம் என்றால் ஈட்டி என்று எனக்குச் சொல்லித் தந்தது, அதில் ஏறிப் பறந்த லுட்டாப்பி என்ற படக்கதைக் குட்டிச்சாத்தான். அகராதி வாங்கக் காசும் இல்லை.

மோமோவுக்கு வழிகாட்டும் ஆமை கசியோபேயா இருக்கிறதே, அரை மணி நேரம் கழித்து நடக்கப்போவதை இப்போதே அறியும், ஓட்டில் எழுத்து மின்னிப் பேசும். ஆமைக்கு ஜெர்மனில் ‘ஷில்ட்க்ரோட்டே’. பிரித்துப் பார்: கேடயம், தேரை. கேடயத் தேரை! அகராதியில் ‘ஆமை’ என்று பார்த்துவிட்டுத் தாண்டியிருந்தால் இந்தத் தேரை என் கண்ணில் பட்டே இருக்காது.

அம்மா சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. ஜெர்மன் பரீட்சையில் கசியோபேயா வராது. மின்னஞ்சல் எழுதச் சொல்வார்கள், விளம்பரத்தைப் படித்துப் பதில் கேட்பார்கள். போகும்போது பாடம், திரும்பும்போது மோமோ என்று வைத்துக்கொள். கழுதுருட்டி 13 கண் பாலத்தில் மட்டும் இரண்டையும் மூடிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார். அங்கே படிக்கிறவளை நான் நம்பமாட்டேன்.

முடித்த பிறகு, மோமோவை எழுதிய அதே மிகாயேல் எண்டே 1979-இல் எழுதிய ‘முடிவில்லாக் கதை’யை எடு. வால்டர் மோர்ஸ் என்று இன்னொரு ஜெர்மன் எழுத்தாளர், அவர் பக்கம் இப்போது போகாதே. மனுஷன் சொல்லை வைத்து ஆடுகிற ஆட்டத்தில் மூச்சு முட்டிவிடும்.

கே: ‘முடிவில்லாக் கதை’ படமாகவே வந்திருக்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

ப: 1984-இல் வந்த படத்தைத்தானே சொல்கிறீர்கள்? அது புத்தகத்தின் பாதியோடு நின்றுவிடுகிறது. எண்டேவுக்கே பிடிக்காமல் கோர்ட்டுக்குப் போனார். அப்புறம், புத்தகத்தில் பையன் இருக்கும் நம் உலகம் சிவப்பு மையில், அவன் படிக்கும் மாய உலகம் பச்சை மையில் அச்சாகியிருக்கும். 26 அத்தியாயம், ஏ முதல் இசட் வரை அத்தியாயத்துக்கு ஓர் எழுத்தில் தொடங்கும். வாங்கினால் இரண்டு மையிலும் அச்சடித்த பதிப்பா என்று பிரித்துப் பார்த்து வாங்குங்கள். ஒரே கறுப்பில் போட்டதும் உண்டு.