இறுகிப்போன கிளட்ச் பிஸ்டனை வெளியே எடுப்பது எப்படி?

கேள்வி: பல வருடமாக நின்றுபோன பழைய கார் ஒன்றை ஓட்டத் தயார் செய்கிறேன். கிளட்ச் பெடல் கொஞ்சமும் இறங்கவில்லை. பெடலை மிதிக்கும்போது கிளட்சை விலக்கும் சிறு ஹைட்ராலிக் சிலிண்டரை, அதாவது ஸ்லேவ் சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிளேயரால் இழுத்தும் வரவில்லை. சிலிண்டரைக் கெடுக்காமல் எடுக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். முதலில் பிளேயரை ஓரமாக வையுங்கள். அந்த பிஸ்டனில் பிடித்து இழுக்க இடமே கிடையாது. புஷ்ராடு (பிஸ்டன் தள்ளும் கம்பி) உட்காரும் குழிக்குள் எதையாவது திணித்து நெம்பினால் விளிம்பு விரிந்து இன்னும் இறுகும். பின்னாலிருந்து அழுத்தம் கொடுத்துத் தள்ளுவதுதான் வழி.

கிளட்ச் சிலிண்டரிலும் ஊற்றப்படும் டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஃப்ளூயிட் ஈரத்தை உறிஞ்சும். கார் நின்றே இருந்தால் அந்த ஈரம் பிஸ்டனின் ரப்பர் சீலைச் சுற்றித் தங்கி உலோகத்தை அரிக்கும். சிலிண்டரின் வாயை மூடும் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் வெளித் தண்ணீரும் சேரும். பல நேரம் பிஸ்டனைத் தடுப்பது அதற்கு முன்னால், சிலிண்டரின் வாயோரம் படிந்த துரு வளையம்தான். அதை மெல்லிய எமரி ஷீட்டால் சுத்தம் செய்யுங்கள். அங்கே சர்கிளிப் (பிஸ்டன் வெளியே வராமல் தடுக்கும் வளையக் கிளிப்) இருக்கிறதா என்றும் பாருங்கள். துருவுக்குள் மறைந்திருக்கும் சர்கிளிப்பைக் கவனிக்காமல் எவ்வளவு தள்ளினாலும் பிஸ்டன் வராது.

அப்புறம் துரு இளக்கும் எண்ணெயை இரண்டு பக்கமும் விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் அசிட்டோனும் சம அளவு கலந்ததும் நன்றாக வேலை செய்யும், ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும். மறுநாள் பிஸ்டனை மரக்கட்டை வைத்து உள்பக்கமாக லேசாகத் தட்டுங்கள். வெளியே எடுக்க வேண்டியதை ஏன் உள்ளே தள்ளுவது என்று தோன்றும். எந்தப் பக்கம் ஒரு மி.மீ. நகர்ந்தாலும் துருவின் பிடி விட்டுவிடும், அதுதான் தேவை.

இதற்குப் பிறகு நான் பரிந்துரைப்பது கிரீஸ் கன். ஹோஸ் மாட்டும் துளையின் மரைக்குப் பொருந்தும் அடாப்டரில் ஒரு கிரீஸ் நிப்பிளை (கிரீஸ் கன்னின் முனை பொருந்தும் சிறு குமிழ்) மாட்டுங்கள். காற்று வெளியேற்றும் நிப்பிளைத் திறந்துவைத்து, அதன் வழியாகக் கிரீஸ் வரும்வரை அடியுங்கள். பிறகு அதை மூடிவிட்டுத் தொடருங்கள். 25 மி.மீ. பிஸ்டன் மீது சதுர செ.மீ.க்கு 70 கிலோ அழுத்தம் விழுந்தால் மொத்த விசை 340 கிலோவைத் தாண்டும். கையால் அடிக்கும் கிரீஸ் கன் அதைவிட அதிகமாகவே தரும். கைப்பிடி கனக்கும், திடீரென்று இளகும், பிஸ்டன் மெதுவாக நகர்ந்து வரும். உள்ளே காற்று இல்லாததால் அது பாயாது. இருந்தாலும் சிலிண்டரின் வாய் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

கம்ப்ரஸர் காற்றை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அழுத்தப்பட்ட காற்று விரியும்போது பிஸ்டன் தோட்டா மாதிரி பறக்கும். விரல் உடைந்தால் சிலிண்டர் தப்பித்து என்ன பயன்?

கிரீஸுக்கும் அசையவில்லை என்றால் சூடு. சிலிண்டர் அலுமினியமாகவும் பிஸ்டன் இரும்பாகவும் இருந்தால் கொதிநீரில் போட்டாலே போதும், அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். இரும்பு சிலிண்டருக்குள் அலுமினிய பிஸ்டன் என்றால் கதை தலைகீழ்: சூட்டில் இன்னும் இறுகும், ஆறிய பிறகுதான் பிடி தளரும். அப்படியானால் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி கிரீஸ் அடித்துப் பாருங்கள். டார்ச் வேண்டாம். பிரேக் ஃப்ளூயிடும் எண்ணெயும் தீப்பிடிக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஒட்டியிருந்தால் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவும் வரலாம்.

காற்று வெளியேற்றும் நிப்பிளும் இறுகியிருந்தால் அவசரப்படாதீர்கள். நடுவில் துளை உள்ளதால் சுலபமாக முறியும். ஆறு முனை சாக்கெட் போட்டு, முதலில் ஒரு நூலளவு இறுக்கிவிட்டு அப்புறம் தளர்த்துங்கள்.

பிஸ்டன் வந்ததும் கிரீஸை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டால் சுத்தமாகத் துடைத்து எடுங்கள். சாதாரண கிரீஸ் பட்ட பழைய சீல் ஊதிவிடும், எல்லா ரப்பரையும் மாற்றுங்கள். சுவரில் கறை மட்டும் என்றால் லேசாக ஹோன் செய்யலாம் (சாணைக்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கலாம்). நகத்தில் தட்டும் குழி, சீல் ஓடும் இடத்தில் இருந்தால் புது சீல் போட்டாலும் கசியும். சிலிண்டரை மாற்றுங்கள், கிடைக்காத உதிரிபாகம் என்றால் உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் (மெல்லிய குழாய்) போடுங்கள்.

சிலிண்டர் கையில் இருக்கும்போதே கிளட்ச் ஃபோர்க்கையும் (புஷ்ராடு தள்ளும் நெம்புகோல்) அசைத்துப் பாருங்கள். அதன் மறுமுனையில் உள்ள ரிலீஸ் பேரிங் கிளட்சின் பிரஷர் பிளேட்டைத் தொடும்வரை அது தடையில்லாமல் ஆட வேண்டும். ஆடவே இல்லை என்றால் அதன் ஷாஃப்டும் புஷ்ஷில் இறுகியிருக்கலாம், அதற்கு அநேகமாக கியர்பாக்ஸை இறக்க வேண்டிவரும்.