சாக்கடைக்குப் போகும் சூடு

கேள்வி: எங்கள் விடுதிக்கு ஊற்றுநீர் 60 டிகிரியில், நிமிடத்துக்கு 30 லிட்டர் வருகிறது. 15 டிகிரி குழாய்த் தண்ணீர் 20 லிட்டர் கலந்து 42 டிகிரியாக்கிக் குளியல் தொட்டிக்கு விடுகிறோம். ஷவருக்குத் தனியாக பாய்லர் எரிகிறது. எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

பதில்: கலக்குகிற இடத்தில்தான். அந்த 20 லிட்டரைத் தொட்டியில் கொட்டாமல், தகட்டு வெப்பப் பரிமாற்றியின் (உலோகத் தகடு வழியே, இரு நீரும் கலக்காமல், சூட்டை மட்டும் கடத்தும் கருவி) ஒரு பக்கம் விடுங்கள். மறுபக்கம் ஊற்றுநீர் எதிர்த்திசையில் ஓடட்டும். ஊற்றுநீர் 42க்கு இறங்கும்போது குழாய்த் தண்ணீரும் 42 டிகிரிக்கு ஏறிவிடும்; அதை ஷவர் பாய்லருக்கு விடுங்கள். நிமிட லிட்டரை டிகிரி வித்தியாசத்தாலும் 0.07ஆலும் பெருக்கினால் கிலோவாட் வரும்: 30 × 18 × 0.07, ஏறத்தாழ 38. பத்து மணி நேரம் ஓடினால், 85 சதவீதத் திறனுள்ள பாய்லரில் சுமார் 44 லிட்டர் மண்ணெண்ணெய் மிச்சம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஷவரை யாரும் திறக்காத நேரத்தில் பரிமாற்றியில் குளிர்நீர் ஓடாது. 60 டிகிரி நீர் அப்படியே தொட்டிக்குப் போய் ஆளைச் சுட்டுவிடும். அதனால் ஷவர் நீருக்கு ஒரு சேமிப்புத் தொட்டியும், சூடு மீறினால் பழையபடி குளிர்நீர் கலக்கும் தானியங்கி வால்வும் கட்டாயம். அடுத்தது, 42 டிகிரி என்பது லெஜியோனெல்லா கிருமி பெருகும் சூடு. அந்த நீரை அப்படியே தேக்கி வைக்காதீர்கள். பாய்லரில் 60க்கு ஏற்றிச் சேமித்து, ஷவர் முனையில் கலவை வால்வால் இறக்குங்கள். பாய்லர் அணையாது, ஆனால் 15லிருந்து ஏற்ற வேண்டியதை 42லிருந்து ஏற்றும்.

தொட்டிக்கு இனி 50 லிட்டருக்குப் பதில் 30தான் வரும். தொட்டி ஆறிப்போனால் ஊற்றுநீரை 45 டிகிரியோடு நிறுத்துங்கள். குழாய்த் தண்ணீர் கலக்காத ஊற்றுநீரில் குளிப்பது விருந்தினருக்கும் நல்லதுதான்.

கேள்வி: எந்த உலோகம் வாங்குவது? ஒரே வருடத்தில் அடைத்துக்கொள்ளும் என்கிறார்களே?

பதில்: முதலில் நீரைப் பரிசோதியுங்கள். கந்தக நீர் செம்பைக் கருக்கி அரிக்கும். தகடுகளைச் செம்பால் பற்றவைத்த மலிவு வகையைத் தொடாதீர்கள். அதைத் திறந்து கழுவவும் முடியாது. குளோரைடு மிகுந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் துளை விழும். உப்பு நீருக்கும் அமில நீருக்கும் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் ரப்பர் பட்டை) வைத்த, பிரிக்கக்கூடிய டைட்டானியம் தகடுதான். ஜப்பானின் குசாட்சுவில் 95 டிகிரி அளவில் கடும் அமிலமாக வரும் ஊற்றிலிருந்தே சூட்டை எடுத்து ஊருக்கு வெந்நீர் கொடுக்கிறார்கள்.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் சுண்ணம். நீரிலிருந்து கரியமில வாயு வெளியேறியதும் அது படியும். எனவே பரிமாற்றிக்கு முன் நீரைக் காற்றில் அலம்ப விடாதீர்கள். இரு முனையிலும் அழுத்தமானி வையுங்கள். அதே ஓட்டத்தில் அழுத்த வித்தியாசம் புதிதாக இருந்ததைவிட ஒன்றரை மடங்கானால், 5 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலைச் சுற்றவிட்டுக் கழுவுங்கள். சிலிக்கா படிவு இதற்குக் கரையாது; தகட்டைப் பிரித்துத்தான் தேய்க்க வேண்டும்.

கேள்வி: தொட்டியிலிருந்து வழிந்தோடும் 38 டிகிரி நீர்?

பதில்: அதிலும் எடுக்கலாம், தலைமுடியைப் பிடிக்கும் சல்லடை வைத்த பிறகு. நல்ல நீர்ப் பக்கத்து அழுத்தம் எப்போதும் கழிவுப் பக்கத்தைவிட அதிகமாக இருக்கட்டும். தகடு ஓட்டையானாலும் அழுக்கு உள்ளே வராது.