லெவல் 5 கிளவுஸ்ல கத்தி எப்படி இறங்குச்சு?

அண்ணா வணக்கம்,

கத்தி தீட்டுறது பத்தி நீங்க எழுதினதை என் வீட்டுக்காரர்தான் எனக்கு படிக்கக் குடுத்தார், அவர் இருபது வருஷமா கறி வெட்டுற வேலைதான் பாக்குறார். இப்ப பையனும் அதே வேலைக்குப் போயிட்டான், பத்தொம்பது வயசு. எனக்கு பயமா இருந்துச்சு, நானே ஆன்லைன்ல தேடி வெட்டுப்படாத கிளவுஸ்னு போட்டிருந்ததை வாங்கிக் குடுத்தேன். லெவல் 5, அதுக்கு மேல லெவலே கிடையாதுன்னு போட்டிருந்துச்சு. போன வாரம் எலும்புல இருந்து கறி பிரிக்கும்போது இடது கை கட்டைவிரல் அடியில கத்தி முனை இறங்கிடுச்சுண்ணா, அந்த கிளவுஸைப் போட்டிருக்கும்போதே. மூணு தையல். கம்பி வளைய கிளவுஸ் வாங்கலாமான்னு கேட்டா, "அதைப் போட்டா வேலை ஓடாது, நான் வெறுங்கையிலதானே இத்தனை வருஷம் ஓட்டினேன்"ங்கிறார் இவர். கிளவுஸ், ஏப்ரன், பூட்ஸ் எல்லாம் சேத்து ஒரே செட்டா விக்கிறாங்க, அதை வாங்கிடலாமா? என் பேர் போட வேண்டாம்.

- ஒரு வாசகி

தங்கச்சி,

மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல பையன் அந்த கட்டைவிரலை முழுசா மடக்கி நீட்ட முடியுதா, நுனியில தொட்டா உணர்ச்சி இருக்கான்னு பாருங்க. அந்த இடத்துல நரம்பும் தசைநாரும் தோலுக்குப் பக்கத்துலயே ஓடுது, மரத்த மாதிரி இருக்குன்னு சொன்னான்னா தையல் பிரிக்கிற நாள் வரைக்கும் காத்திருக்காதீங்க, இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. டெட்டனஸ் ஊசி போட்டாச்சான்னும் கேளுங்க.

இப்ப கிளவுஸுக்கு வர்றேன். நீங்க போலியா ஒண்ணை வாங்கி ஏமாந்தீங்கன்னு நான் நினைக்கல. அந்த கிளவுஸோட பின்பக்கத்துல கேடயம் மாதிரி ஒரு கட்டம், அதுக்குள்ள சுத்தியல் படம், பக்கத்துல ஈஎன் 388ன்னு இருக்கும் பாருங்க, பாதுகாப்பு கிளவுஸுக்கான ஐரோப்பிய தர எண் அது. கீழே நாலு நம்பர் வரும். முதல் நம்பர் தேய்மானம், ரெண்டாவது அறுப்பு, மூணாவது கிழியுறது, நாலாவது குத்து. உங்ககிட்ட காட்டின 5 அந்த ரெண்டாவது நம்பர் மட்டும்தான், அதாவது ஒரு வட்ட பிளேடை துணி மேல லேசான பாரத்தோட முன்னும் பின்னும் ஓட்டி எத்தனை ஓட்டத்துல அறுபடுதுன்னு பாக்குற சோதனை. கெட்டியான நூல்ல அந்த பிளேடே மழுங்கிப் போயிடுது, நம்பர் ஏமாத்துதுன்னுதான் 2016ல நாலு நம்பருக்கு அப்புறம் ஏ-ல இருந்து எஃப் வரைக்கும் ஒரு எழுத்தையும் சேத்தாங்க, எஃப்னா 30 நியூட்டன், கிட்டத்தட்ட மூணு கிலோ அழுத்தம் குடுத்து நேர் பிளேடை இழுத்தாலும் தாங்கும்னு அர்த்தம். ஆனா அதுவும் இழுக்குற வெட்டுதான். குத்துக்குன்னு இருக்கிற நாலாவது நம்பரைக்கூட கத்தியால சோதிக்கிறதில்ல, நாலரை மில்லிமீட்டர் தடிமன்ல முனை உருண்டையா இருக்கிற ஒரு கம்பியால அழுத்திப் பாக்குறாங்க. எலும்பு பிரிக்கிற கத்தியோட முனை எங்க, அந்த மொட்டைக் கம்பி எங்க! பின்னல் துணின்னா முனை நூலை அறுக்கணும்னே இல்ல, ரெண்டு நூலை விலக்கிட்டு நடுவுல போயிடும். உங்க பையனுக்கு நடந்தது அனேகமா அதுதான். கிளவுஸை எடுத்துப் பாத்தீங்கன்னா கிழிசலே தெரியாது, சின்னதா ஒரு புள்ளி இருக்கும், அவ்வளவுதான்.

அதனால எலும்பு பிரிக்கிறவனுக்கு கத்தி பிடிக்காத கையில கம்பி வளைய கிளவுஸ்தான், இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது. அதுக்கு வேற சோதனை, ஈஎன் 1082ன்னோ ஐஎஸ்ஓ 13999ன்னோ போட்டிருக்கும், அங்க நிஜமாவே கத்தி முனையாலதான் குத்திப் பாப்பாங்க. ஒவ்வொரு வளையமும் தனித்தனியா வெல்டிங் பண்ணின ஸ்டீல். ரொம்ப மெல்லிசான முனைன்னா வளையத்துக்குள்ள துளி போகும்தான், ஆனா ஆழமா இறங்குறதைப் பெரும்பாலும் தடுத்துடும்.

வீட்டுக்காரர் சொல்றதை ஒரேடியா தள்ளிடவும் மாட்டேன். நானும் முதல் ரெண்டு வாரம் அந்த கிளவுஸைத் திட்டிக்கிட்டேதான் போட்டேன், அப்புறம்தான் எனக்குக் குடுத்ததே பெரிய சைஸுன்னு தெரிஞ்சுது, விரல் நுனிக்கு மேல வளையம் தொங்கிக்கிட்டு கறியிலயும் சவ்வுலயும் மாட்டும், பிடிச்சது பிடிச்ச மாதிரி நிக்காது. இந்த கிளவுஸ்ல மணிக்கட்டுப் பட்டை கலரைப் பாத்தே சைஸ் சொல்லிடலாம், பெரும்பாலும் வெள்ளைன்னா ஸ்மால், சிவப்பு மீடியம், நீலம் லார்ஜ். அப்பா கை அளவுக்கு வாங்கிடாதீங்க. உள்ள மெல்லிசா ஒரு பருத்தி கிளவுஸ், மேல வளையத்தை விரலோட ஒட்டி இழுத்துப் பிடிக்கிறதுக்குன்னு ரப்பர் பட்டை தனியா விக்கும், அதையும் சேத்து வாங்குங்க. மாட்டிக்கிட்டு மேஜையில கிடக்கிற ஒரு பட்டனை எடுக்கச் சொல்லுங்க. ரெண்டு மூணு தடவைக்குள்ள எடுத்துட்டான்னா அது அவன் சைஸ்தான்.

லெவல் 5 கிளவுஸைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அதோட இடம் கத்தி பிடிக்கிற கை. கத்தி முனை எலும்புல டக்குன்னு முட்டி நின்னுடும், கைப்பிடியெல்லாம் கொழுப்பு, கை மட்டும் முன்னால வழுக்கி பிளேடு மேல ஏறிடும். நாலு விரலோட உள்பக்கமும் ஒரே கோடா வெட்டுப்பட்டிருக்கிறதைப் பாத்தா இந்த தொழில்ல இருக்கிறவன் கேக்கவே மாட்டான், என்ன நடந்திருக்கும்னு தெரியும். அந்த வெட்டு இழுப்பு வெட்டு, அதுக்கு அந்த 5 உதவும். கைப்பிடியில விரலுக்கு முன்னால முட்டு வெச்ச கத்தியா பாத்து எடுத்தா இன்னும் நல்லது. மழுங்கின கத்தி வேண்டவே வேண்டாம், அழுத்த அழுத்தத்தான் வழுக்கும்.

கட்டையில போட்டு பெரிய கத்தியால கொத்துற வேலைன்னா கதையே வேற. ஓங்கி விழுற கத்தியில வளையம் அறுபடாம இருக்கலாம், ஆனா உள்ள இருக்கிற விரல் எலும்பு நொறுங்கும். அங்க கையை எங்க வைக்கிறான்ங்கிறதுதான் பாதுகாப்பு, கிளவுஸ் இல்ல.

மிஷின்ல எலும்பு அறுக்கிற இடம்னா நான் சொன்ன கம்பி கிளவுஸையே கழட்டி வெச்சிடணும், இதை மட்டும் மறந்துடாம சொல்லிடுங்க. ஓடுற ரம்பப் பல்லுல ஒரு வளையம் மாட்டினாலும் போதும், கையோட சேத்து உள்ள இழுத்துடும். அங்க தள்ளுகட்டை, அரைக்கிற மிஷினா இருந்தா கறியை உள்ள அமுக்கித் தள்ளுற குத்தி. ஏப்ரன் நாடாவை முன்னால முடிச்சுப் போட்டு தொங்கவிட்டுக்கிட்டு அது முன்னால போய் நிக்கவே கூடாது.

செட்டுல வர்ற ஏப்ரனைப் பத்தி கேட்டீங்கள்ல. அது அனேகமா பிளாஸ்டிக்காத்தான் இருக்கும். தண்ணியும் ரத்தமும் சட்டையில படாது, அவ்வளவுதான், கத்திக்கு அது பேப்பர் மாதிரி. எலும்பு பிரிக்கும்போது நாம கத்தியை எந்தப் பக்கம் இழுக்கிறோம்? நம்ம வயித்தைப் பாத்துத்தானே. பிடி விட்டா நேரா அடிவயிறு, இல்லன்னா தொடை இடுக்கு. அங்க ஓடுற பெரிய ரத்தக்குழாய் அறுந்தா ஆஸ்பத்திரி போய்ச் சேர நேரம் இருக்காது. என் இடது தொடையில ஒரு தழும்பு இருக்கு, அன்னைக்கு ரெண்டு விரக்கடை உள்பக்கமா போயிருந்தா உங்களுக்கு இந்தப் பதிலை எழுத நான் இருந்திருக்க மாட்டேன், அதனாலதான் இந்த விஷயத்துல கொஞ்சம் சத்தமா பேசுறேன். கம்பி வளைய ஏப்ரன் இருக்கு, சின்னச் சின்ன உலோகத் தகடு கோத்ததும் இருக்கு. நெஞ்சுல இருந்து பாதி தொடை வரைக்கும் வரணும், நிக்கும்போது மட்டும் இல்ல, குனியும்போதும். எடை கழுத்துல தொங்காம ரெண்டு தோள்லயும் ஏறுற மாதிரி பட்டை இருக்கட்டும், இல்லன்னா ஒரு மணி நேரத்துல கழுத்து வலிக்குதுன்னு கழட்டி ஆணியில மாட்டிடுவான். பிளாஸ்டிக் ஏப்ரன் அதுக்கு மேல.

பூட்ஸுக்கு அதிகம் சொல்றதுக்கு இல்ல. கொழுப்பு பட்டு பட்டு சாதா ரப்பர் உப்பி தளர்ந்து போயிடும், நைட்ரைல்னு கொழுப்பைத் தாங்குற செயற்கை ரப்பர் கலந்ததோ பியூ (பாலியூரிதேன்) அடியோ எடுங்க. முன்பக்கம் 200 ஜூல் அடி தாங்குற கவசம் இருந்தா கத்தி கால்விரல் மேல விழுந்தாலும் பயமில்ல. விழுற கத்தியைக் கையால பிடிக்காதேன்னும் சொல்லி வைங்க, எல்லாரும் ஒரு தடவையாவது பிடிக்கப் பாப்பாங்க.

கம்பி கிளவுஸுக்கு மேல ஒரு நைட்ரைல் கிளவுஸ் மாட்டிக்கிட்டா வளையத்துல கறி ஏறாது, பச்சை ரத்தமும் தோல்ல படாது. நீலக் கலரா வாங்குங்க, கிழிஞ்சு துண்டு கறியில விழுந்தா உடனே கண்ணுல படும். கறி வெட்டுறவங்க கையில வர்ற மரு இருக்கே, வீட்டுக்காரர் கையில ஒருவேளை இருக்கலாம், அதுக்கு எச்பிவி 7ன்னு ஒரு வைரஸ், ஈரத்துல ஊறின, சின்னச் சின்ன கீறல் பட்ட தோல்லதான் அது நல்லா பிடிக்கும். ஆடு மாடுகிட்ட இருந்து தொத்துற புருசெல்லா மாதிரி கிருமியும் அந்தக் கீறல் வழியா ஏறலாம். இருபது வருஷம் வெறுங்கைங்கிறதுக்கு இப்படி ஒரு கணக்கும் இருக்குன்னு அவர்கிட்ட சண்டை போடாம சொல்லிப் பாருங்க.

வாங்கினதோட முடியல, தினம் கழுவணும். வளையத்துக்கு நடுவுல கொழுப்பு உறைஞ்சு நிக்கும், சுடுதண்ணி, சோப்பு, பிரஷ் மூணும் வேணும். பிளீச்ல ராத்திரி முழுக்க ஊறப் போடாதீங்க, ஸ்டீல் அரிச்சிடும். காஞ்சதும் வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. ஒரு தடவை நான் அப்படிப் பிடிச்சப்ப ஆள்காட்டி விரல் ஓரத்துல ஒரு ஓட்டை மட்டும் மத்ததை விட பெருசா தெரிஞ்சுது, ஒரு வளையம் இல்ல. அந்த ஓட்டையை விட, காணாமப் போன வளையம் யாரோட கறியில போச்சோன்னுதான் அன்னைக்கு வயித்தைக் கலக்குச்சு, வெட்டி வெச்சிருந்த அத்தனையையும் விக்காம ஒதுக்கிட்டு கிளறிக் கிளறி தேடினோம்.

ஆக, செட் வேண்டாம். முதல்ல கம்பி கிளவுஸ், அடுத்த மாசம் ஏப்ரன், பூட்ஸ் இருக்கிறது வழுக்க ஆரம்பிச்சதும் மாத்திக்கலாம். கையில வீக்கம் வத்தின பிறகு அளவு எடுங்க, இப்ப எடுத்தா ஒரு சைஸ் பெருசா வந்துடும்.