நித்தியகல்யாணிச் சாறு கொடுக்கலாமா? மூன்று நாள் கொடுத்துப் பார்த்தவனின் பதில்

கேள்வி: எங்கள் சித்தி பையனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். கீமோ ஆரம்பித்திருக்கிறது. நித்தியகல்யாணி இலையில்தான் புற்றுநோய் மருந்தே இருக்கிறதாம், சாறு கொடுத்தால் சீக்கிரம் குணமாகும் என்கிறார் ஒரு உறவினர். கொடுக்கலாமா? வீட்டில் அந்தச் செடியும் நிற்கிறது.

பதில்:

கொடுக்காதீர்கள். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் வீட்டில் யாரோ ஏற்கெனவே அரைக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதற்காக உங்களைத் திட்ட மாட்டேன். நானும் அரைத்தவன்தான்.

எங்களுக்குத் திசையன்விளை பக்கம் செம்மண் காடு. கிணறு வற்றிய பிறகு அப்பா மானாவாரியாக நித்தியகல்யாணிதான் விதைப்பார். சுடுகாட்டுமல்லி என்றும் சொல்வார்கள். ஆடு கடிக்காது, மாடு மோந்து பார்த்துவிட்டு விலகிப்போகும், மழை பொய்த்தாலும் செடி நிற்கும். நடுவில் இரண்டு தடவை இலை உருவுவோம். வருஷம் முடிந்ததும் வேரோடு பிடுங்கி, வேரை அலசி நறுக்கி முற்றத்தில் காயப்போடுவோம். எல்லாம் தூத்துக்குடிக்குப் போய் அங்கிருந்து வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறும். "கேன்சர் மருந்துக்குப் போகுதுடே" என்று அப்பா சொல்லும்போது அவர் முகமே மாறும். எனக்கும் அந்தப் பெருமை இருந்தது. அதுதான் பின்னால் என்னைத் தப்பு செய்ய வைத்தது.

        

2015-இல் அக்கா மகனுக்கு ஐந்து வயது. விட்டு விட்டுக் காய்ச்சல், முகம் வெளிறிப்போனது, கால் வலி என்று ராத்திரி அழுவான். பக்கத்தில் பார்த்த இடத்தில் டைபாய்டு என்று இரண்டு வாரம் போனது. தொடையில் நீலம் நீலமாகத் திட்டு வந்த பிறகுதான் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் இந்த நோய் என்றால் பாதிப் பேர் திருவனந்தபுரம் ஆர்சிசி என்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்கள். நாங்களும் போனோம். இடுப்பெலும்பில் மஜ்ஜை எடுத்துப் பார்த்து ஏ.எல்.எல். என்றார்கள், பிள்ளைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய். வாரம் ஒரு ஊசி போட்டார்கள். அதன் பெயர் வின்கிறிஸ்டின். நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது என்று நர்ஸ் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கள் காட்டு இலை என் மருமகனுக்கே திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

இரண்டாவது ஊசி முடிந்து ஆஸ்பத்திரி பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். ஊரிலிருந்து பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர் உங்களிடம் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னார். அடுத்த தடவை ஊருக்குப் போனபோது ஒரு பை நிறைய இலை பறித்து வந்தேன். அக்காவுக்குத் தெரியாமல் காலையில் ஒரு கைப்பிடி அரைத்து, தேன் கலந்து கொடுத்தேன். "மாமா, கசக்குது" என்றான். மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தேன். மூன்று நாள். மூன்றாம் நாள் வாந்தி நிற்கவில்லை, ராத்திரி காய்ச்சல். கவுண்ட், அதாவது கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை, அடியோடு இறங்கியிருந்தது. பதினொரு நாள் வார்டில் கிடந்தான்.

சாறுதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். கீமோவிலேயே கவுண்ட் இறங்கும். ஆனால் வாந்தி எதனால் என்று பிரித்துப் பார்க்க முடியாமல் அடுத்த ஊசி தள்ளிப்போனது. அப்போது பயந்துபோய் உண்மையைச் சொன்னேன். அந்த டாக்டரம்மா சத்தம் போடவில்லை. உட்கார வைத்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

இந்தச் செடியிலிருந்து முதலில் பிரித்த மருந்து வின்பிளாஸ்டின். அது ஒரு கிராம் கிடைக்க ஏறக்குறைய 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். அதாவது ஒரு கிலோ காய்ந்த இலைக்கு 2 மில்லிகிராம். வின்கிறிஸ்டின் அதைவிடவும் பல மடங்கு குறைவு. என் மருமகனுக்கு வாரம் போனது சுமார் ஒரு மில்லிகிராம். உயரமும் எடையும் வைத்து உடம்பின் பரப்பைக் கணக்கிட்டுத்தான் அந்த அளவையே முடிவு செய்வார்கள். பெரியவர்களுக்கும் வழக்கமாக ஒரு வேளைக்கு 2 மில்லிகிராம் தாண்ட மாட்டார்கள். கூடினால் நரம்பு போகும். சரியான அளவிலேயே அவனுக்குத் தாடை வலித்தது, பாதம் தடுக்கிக் கொஞ்ச நாள் விழுந்து விழுந்து நடந்தான். ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையே வெந்துபோகும். வாய் வழியாகக் கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது என்பதால்தான் ஊசியாகப் போடுகிறார்கள். ஆக, நான் கொடுத்த கைப்பிடி இலையில் மருந்து என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தச் செடியில் ஆல்கலாய்டுகள் என்கிற வீரியமான ரசாயனங்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன, ரத்த அழுத்தத்தைக் குறைப்பது உட்பட. இலையில் இருந்தவையெல்லாம் வயிற்றுக்குள் போயின. அதோடு, கவுண்ட் இல்லாத பிள்ளைக்குப் பச்சை இலையைக் குழாய்த் தண்ணீரில் அலசிக் கொடுத்தேன். அவனுக்குக் கிருமியை நானே ஊட்டியது போலத்தான்.

இந்த மருந்து கண்டுபிடித்த கதையை அப்புறம் நானே தேடிப் படித்தேன். ஜமைக்காவில் இந்த இலையைக் காய்ச்சி நீரிழிவுக்குக் குடிப்பார்கள். 1952-இல் அங்கிருந்து ஒரு டாக்டர் கொஞ்சம் இலையைக் கனடாவுக்கு அனுப்பினார். அது ராபர்ட் நோபிள் என்கிற ஆராய்ச்சியாளர் கைக்கு வந்தது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை அசையவில்லை. சாற்றை ஊசியாகப் போட்ட எலிகளோ ஒரு வாரத்துக்குள் கிருமித் தொற்றில் செத்தன. ஏன் என்று பார்த்தால் வெள்ளணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளணுவைக் குறைக்கும் பொருள் ரத்தப் புற்றுநோய்க்கு உதவுமே என்று பிடித்துக்கொண்டார்கள். நோபிளும் அவரோடு வேலை செய்த சார்லஸ் பீரும் 1958-இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தார்கள், வேறொரு குழு வின்கிறிஸ்டினைப் பிரித்தது. 1963-இல் வின்கிறிஸ்டினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. செல் இரண்டாகப் பிரியும்போது இழுத்துப் பிடிக்கும் இழைகள் உருவாகாமல் இது தடுக்கிறது. அதனால் பெருகும் செல் பாதியில் நின்று சாகிறது. இதோடு வேறு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் ஏ.எல்.எல். வந்த பிள்ளைகள் பிழைக்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் இந்த நோய் வந்தால் சில மாதங்கள்தான். இன்று வசதியான நாடுகளில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் பிழைக்கிறார்கள். அந்த எலிகள் செத்த இடத்தைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

சித்த மருத்துவத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் வர வேண்டாம். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரிக்கு அம்மாவை முட்டுவலிக்கு நானே கூட்டிப்போயிருக்கிறேன், கேட்டது. அங்கே படித்த மருத்துவர் யாரும் என்னை இலை பறிக்கச் சொல்லவில்லை. நான் மருந்துக் கம்பெனி ஆள் என்று சொல்பவர்களுக்கும் ஒன்று: நான் உரக்கடையில் கணக்கு எழுதுகிறவன். எனக்கு இதில் ஒரு பைசா இல்லை.

உங்கள் சித்தியிடம் இதையும் சொல்லுங்கள். சுடுகாட்டுப் பூவை முற்றத்தில் காயப்போட்டதால்தான் பிள்ளைக்கு வந்தது என்று அக்கா நம்பினாள். டாக்டரம்மா அவளுக்குச் சொன்னது: பிரிட்டனில் மெல் கிரீவ்ஸ் என்கிற ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சியாளரின் குழு, பிறந்தவுடன் குதிகாலில் எடுத்து அட்டையில் உலர்த்தி வைத்த ரத்தத் துளிகளைத் தேடிப் பார்த்தது, பிற்பாடு இந்த நோய் வந்த பிள்ளைகளுடையவை. அவற்றில் பலவற்றில் முதல் மரபணுக் கோளாறு அப்போதே இருந்தது. வயிற்றில் இருக்கும்போதே செல் பிரிகையில் தற்செயலாக நடப்பது. அது இருக்கிற குழந்தைகளில் மிகச் சிலருக்குத்தான் நோயாக மாறுகிறது. அன்றைக்குத்தான் அக்கா ஒழுங்காகச் சாப்பிட்டாள். என்னிடம் பேச மட்டும் இரண்டு மாதம் ஆனது.

இரண்டரை வருஷ வைத்தியம். பையன் இப்போது பத்தாம் வகுப்பு முடித்துவிட்டான்.

ஏற்கெனவே சாறு கொடுத்திருந்தால் எத்தனை நாள், எவ்வளவு என்று ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். செடியைப் பிடுங்க வேண்டாம், அது பாட்டுக்குப் பூக்கட்டும். சின்னப் பிள்ளைகள் இலையை வாயில் வைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.